இடது கை தூக்கியவர்கள்

என் வாயால்தான் நான் கெடுவேன் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். பி.எட். செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் ராணியம்மாள் டீச்சரும் அதையேதான் சொன்னார்.

நான் இசைவாணி. மலைமேல் கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் வீடு. கள்ளக்குறிச்சியில் பி.எட். இரண்டாம் வருஷம் படித்தேன். பயிற்சிக்காக எனக்குக் கிடைத்தது கச்சிராயபாளையத்துப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்பு, கணக்கு. அந்த வகுப்பின் ஆசிரியை ராணியம்மாள் டீச்சர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அவர்தான் எனக்கு வழிகாட்டி.

பயிற்சி முடிவில் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். பின் பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். அவர் பெயில் போட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொரு வருஷம் என்பதே கிடையாது. "இந்த ஒரு வாட்டிதான். வரலன்னா கண்ணாலம்," என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். இருக்கட்டும், எனக்கென்ன?

அன்றைக்கு ராணியம்மாள் டீச்சர் வகுப்பில் நின்று பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார்.

"இசை மிஸ் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. ஒரு கை கூட கீழ இருக்கக் கூடாது. இன்னா?"

"சரிங்க டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

என்னைப் பார்த்துச் சிரித்தார். "வலது கையாப் பாத்து எழுப்பு. பசங்களுக்கும் அவமானம் இல்ல, உனக்கும் மார்க் போவாது."

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த இடது கை நான்தான். மலையிலிருந்து இறங்கி விடுதியில் சேர்ந்து ஆறாவது படித்தபோது எனக்கும் இதே பாடம்தான் சொன்னார்கள். யார் பார்வையிட வந்தாலும் நான் இடது கையைத் தூக்கினேன். ஆறு, ஏழு, எட்டு, மூன்று வருஷம். ஒருவர்கூட என்னை எழுப்பவில்லை. ஒன்பதாவது போனபோது எனக்கு வகுத்தல் தெரியாது. வயசுக்கு வந்த பெண், விடுதி வாட்ச்மேனின் மனைவியிடம் உட்கார்ந்து வகுத்தல் கற்றுக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

"நான் இடது கையைத்தான் டீச்சர் எழுப்புவேன்," என்றேன்.

"ஏம்மா, புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பெயிலாப் போவ."

"தெரிஞ்ச புள்ளைக்கு நான் எதுக்குங்க டீச்சர்?"

"இந்த வாயாலதான் நீ கெடப் போற," என்று சொல்லிவிட்டுப் போனார். மனசு கேட்காமல் திரும்பி வந்து, "சார்ட்டையாவது ஒழுங்கா வாங்கியா," என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குத் தன் காசில் நோட்டு வாங்கிக் கொடுக்கிறவர். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் பெயர் காசிநாதன். வெள்ளைச் சட்டை, மடியில் மதிப்பெண் தாள். ராணியம்மாள் டீச்சர் சன்னலோரம் நின்றார். முன் பெஞ்சில் கெட்டிக்காரிகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார். அதில் முதல் ஆள் செந்தமிழ்ச்செல்வி, வகுப்பில் எப்போதும் அவள்தான் ஃபர்ஸ்ட். கரும்பலகையில் நான் மாட்டியிருந்த சார்ட்டில் வண்ண வண்ணமாகப் பின்னங்கள் தொங்கின.

"மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கு. ரெண்டுல எது பெருசு?" என்று கேட்டேன்.

நாற்பது கைகளும் சர்ரென்று மேலே போயின. காசிநாதன் சார் முகத்தில் சந்தோஷம். திருப்பூர் ஒரு நொடி கண்ணில் வந்து போனது. சன்னலோரத்திலிருந்து டீச்சர் முன் பெஞ்சைக் கண்ணாலேயே காட்டினார்.

மூன்றாவது வரிசை ஓரத்தில் தேவதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். அவளும் மலைப் பிள்ளை, விடுதியில் தங்கியிருப்பவள். இடது கையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிச்சயம் எழுப்ப மாட்டார்கள் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அந்த நிம்மதி எனக்கு நன்றாகத் தெரியும்.

"தேவதர்ஷினி, நீ சொல்லு."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். தூக்கின கையை ஒருமுறை பார்த்தாள், தப்பான கையைத் தூக்கிவிட்டோமோ என்று.

"நாலுல ஒண்ணு, டீச்சர். நாலுதான பெருசு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ராணியம்மாள் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாரு சிரிச்சது?" என்று ஒரு அதட்டல் போட்டேன். தேர்வாளர் இருப்பதே மறந்துபோனது. "ஆறாவதுல நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேக்கல, அதான் சொல்லல. தேவதர்ஷினி, இங்க வா. உன் ரெண்டு ரிப்பனையும் அவுரு."

"டீச்சர்?"

"அவுரும்மா. நானே பின்னி வுடறேன்."

அவள் இரட்டைப் பின்னலிலிருந்து இரண்டு சிவப்பு ரிப்பனையும் அவிழ்த்தாள். முடி தோளில் விழுந்தது. காசிநாதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவு காசு கொடுத்து வாங்கின சார்ட்டை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டும் ஒரே நீளமா, அளந்து பாரு. ஒண்ண மூணா மடி. இன்னொண்ண நாலா மடி."

டெஸ்க்கின் மேல் வைத்து மடித்தாள். முதல் தடவை கோணலாக வந்தது, பிரித்து மறுபடி மடித்தாள். இரண்டு மடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மூணா மடிச்சதுதான் நீட்டு, டீச்சர்! நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் கம்மியாதான வரும்!"

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. முடியை வாரிப் பின்னிக்கொண்டே அடுத்த கேள்வி கேட்டேன். இன்னும் மூன்று இடது கைகளை எழுப்பினேன். மூன்றும் தப்பு. மூன்று பேரையும் ரிப்பனை மடிக்க வைத்தேன்.

காசிநாதன் சார் எழுந்தார். போகும்போது எல்லாத் தேர்வாளரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்று கோரஸ் வரவேண்டும். பாதி வந்தது. அதற்குள் முன் பெஞ்சில் ஒரு இடது கை மேலே போனது. செந்தமிழ்ச்செல்வி.

"சார், மூணுல ரெண்டு பெருசா, நாலுல மூணு பெருசான்னா, குறுக்கப் பெருக்கி நாலுல மூணுன்னு சொல்லிடுவேன். எப்பவும் ரைட்டுதான் வரும். ஆனா ஏன் பெருக்குறோம்னு எனக்குத் தெரியாது சார்."

ராணியம்மாள் டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அந்தக் குறுக்குப் பெருக்கலைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

மணி அடித்தது. நேரத்துக்கு முடிப்பதற்குத் தனியாக மதிப்பெண் உண்டு. காசிநாதன் சார் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"நேரமாயிடுச்சும்மா. முடிச்சுக்குங்க."

"இன்னும் முடியலீங்க சார்," என்றேன். மறுபடி ரிப்பனைக் கையில் எடுத்தேன்.

பாஸ் ஆனேனா என்றுதானே கேட்கிறீர்கள்? ஆனேன். பாஸ் மார்க்குக்கு மேல் இரண்டே இரண்டு. சார்ட்டைத் தொடாததால் துணைக்கருவிக்குச் சுழி, நேரத்துக்குச் சுழி. அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டே ரெண்டு ஜாஸ்தின்னாலும் பாஸுதான?" என்றார். "பாஸுதான்," என்றேன். திருப்பூருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் ராணியம்மாள் டீச்சர் போன் செய்தார். எடுத்ததுமே கத்தல்.

"அடியே, இன்னாத்தச் சொல்லிக் குடுத்துட்டுப் போன? எதக் கேட்டாலும் இடது கையத் தூக்கினு நிக்குதுங்க. ஒரே பாடத்துல நாலு நாளா நின்னுகினு இருக்கேன்!"

"நாலு நாளா யாரை டீச்சர் எழுப்பினீங்க?"

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"அதுங்களத்தான்," என்றார். "வேற யார?"