மலர்விழியை விசாரித்தது

மலேசியாவில் கிள்ளானை ஒட்டிய மேருவில் மலர்விழியின் வீட்டில் மூடி வைத்த எதுவும் மூடியபடி இருக்காமல் போனது, அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த மாதத்தில்தான்; தக்காளி விலை ஏறியதும் அதே மாதம். ஒரு சனிக்கிழமை காலை அலமாரி, குளிர்பெட்டி, அரிசி டின், கைப்பையின் ஜிப், மூலையில் சாத்தியிருந்த குடை, வாசல் கிரில், அவள் குளித்துக்கொண்டிருந்த குளியலறையின் கதவு என எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டன. அவள் அம்மா பவுனம்மாள் முதலில் பூனையைத் திட்டினாள். பூனைக்குக் குடை விரிக்கத் தெரியாது என்று தோன்ற அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாப்பிள்ளை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் யுகேந்திரன். வரன் பார்க்கும்போது பெண்ணின் வயதைக் குறைத்துச் சொல்வது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். தன் மகளைப் பற்றி அப்படி ஒரு பேச்சே வரக்கூடாது என்று பவுனம்மாள் ஜாதகத்தோடு மலர்விழியின் ஐசி அடையாள அட்டை நகலையும் பெருமையாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். யுகேந்திரனின் அக்கா மாதவி, கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு கவுண்டரில் வேலை செய்தாள். அப்பா இறந்த வருடம் மலர்விழி சோற்றையும் பேச்சையும் நிறுத்திவிட்டு, அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சில வாரங்கள் படுத்திருந்தாள். பொண்ணு ஈப்போவில் கோர்ஸ் படிக்கிறது என்றுதான் உறவுக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை மாதவி ஐசி எண்ணைத் தட்டிக் கோப்பைத் திறந்தாள். மேருவில் வீடும் திறந்துகொண்டது. மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது.

ஏற்கெனவே பொருந்திய ஜாதகம் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று மலர்விழி நேரில் போய்க் கேட்டாள். மாதவி கூச்சப்படவே இல்லை. "விசாரிச்சோம் லா. ஹாஸ்பிடல்ல இருந்தத நீங்க சொல்லியிருக்கணும். பொண்ணு எடுக்கிறவங்க விசாரிக்க மாட்டாங்களா?" என்றாள். முன்பெல்லாம் விசாரிப்பது என்றால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள். வாழப்போகிற பெண்ணாயிற்றே என்று மறைத்துச் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

மருத்துவமனை அலுவலகத்தில் மலர்விழி புகார் கொடுத்தாள். என்னைக் கேட்காமல் என் கோப்பை யார் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றாள். அதிகாரி நல்ல மனிதர், உண்மையாகவே வருந்தினார். புகாரைச் சரிபார்க்க அவரும் கோப்பைத் திறந்தார். உடனே அவள் போன் அடித்தது. "பாப்பா, மறுபடியும் எல்லாம் தெறந்துக்கிச்சு, கொழம்புச் சட்டி மூடி கூட!" என்று பவுனம்மாள் கத்தினாள். அப்போதுதான் மலர்விழிக்கு விஷயம் புரிந்தது. "யாரு பார்த்தாங்கன்னு சொல்ல முடியாது மிஸ், அது ஸ்டாஃபோட பிரைவசி," என்றார் அதிகாரி. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் அதையும் கோப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

புகார் மேலே போகப் போகப் பார்ப்பவர்கள் பெருகினார்கள். விசாரணைக் குழு பார்த்தது, வக்கீல்கள் பார்த்தார்கள், அப்படி என்னதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டவர்களும் பார்த்தார்கள். மாதவியை எச்சரித்தார்கள், அடுத்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். பூட்டுக்காரச் சீனர் நாலைந்து முறை பூட்டை மாற்றிவிட்டு, வெட்கப்பட்டு வருவதையே நிறுத்திக்கொண்டார். மலர்விழி கைலியை மார்போடு கட்டிக்கொண்டு குளிக்கப் பழகினாள். தாமானில் அக்கம்பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள், பிறகு மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இப்போது அந்தச் சிரமமும் எடுப்பதில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரன் என்று யாரும் வரவில்லை.

போன ஞாயிறு மதியம் அம்மாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிரில் திறந்தது, அலமாரி திறந்தது, ஊறுகாய் பாட்டிலின் மூடி கழன்று மேசையில் உருண்டது. வாசலில் யாரும் இல்லை. கண் மங்கிப்போன பவுனம்மாள், "யாரு பாப்பா?" என்று கேட்டாள்.

"பாக்க வந்திருக்காங்கம்மா," என்றாள் மலர்விழி.

பவுனம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "நேரா உக்காரு," என்றாள். மலர்விழி நேராக உட்கார்ந்தாள்.