பதினேழாம் எண் டோக்கன்

அரசு மருத்துவமனையின் இன்சுலின் வரிசையில் நான்காவதாக நின்றவர் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர், கையில் பதினேழாம் எண் டோக்கன். மருந்து வராததால் ஒரு வியாழக்கிழமை வீட்டில் இறந்தார், அன்றே அடக்கமும் ஆனார், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல வந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். முப்பத்தாறு வருட வேலையில் கையெழுத்து வாங்காமல் திரும்பியதே இல்லை என்பது அவர் கட்சி. மருந்தாளுநர் முதலில் ஆட்சேபித்தார். ஆனால் அந்த வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. டீ குடிக்கப் போகிறவர் தன் இடத்தில் ஒற்றைச் செருப்பை விட்டுப் போவார். திரும்பி வரும்வரை செருப்புக்கு ஆளுக்குரிய மரியாதை கிடைக்கும். "செருப்புக்கே இடம் இருக்கு. முழு ஆளா நிக்கிறேன், எனக்கு இல்லையா சார்?" என்று தபால்காரர் கேட்டார். மருந்தாளுநரிடம் அதற்குப் பதில் இல்லை. மருந்தும் இல்லை.

ஜன்னலுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் தொங்கியது. இவை இல்லாமல் எந்த ஊரும் இருக்கக் கூடாது என்று பெரிய நிபுணர்கள் கூடி எழுதியது. யார் வந்து கேட்டாலும் மருந்தாளுநர் ஒரு குச்சியால் கண்ணாடியைத் தட்டி, "பட்டியல்ல இருக்கு பாருங்க" என்பார். தட்டித் தட்டி இன்சுலின் என்ற சொல்லுக்கு நேரே கண்ணாடி மங்கிப்போயிருந்தது. அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே அதன் உரிமையைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அதைச் சும்மா கொடுத்தவரை அந்த வரிசை பார்த்ததில்லை. அங்கே டோக்கனுக்கு ஆயுள் மருந்து வரும்வரை. ஆளுக்குத்தான் அவ்வளவு இல்லை.

இருபத்து மூன்றாம் எண்ணோடு நின்றவள் தையல்காரி. வெல்டிங் வேலை பார்க்கும் தம்பிக்காக வந்தாள். அவனை விட்டால் அவளுக்கும், அவளை விட்டால் அவனுக்கும் ஆளில்லை. எதிர்க் கடையின் குளிர்பெட்டியில் குப்பிகள் ஜம்மென்று நின்றன. ஒரு குப்பி வாங்க அவள் பதினோரு நாள் தைக்க வேண்டும். அது தம்பிக்குப் பத்து நாள் வரும். இந்தக் கணக்கை அவள் பல விதமாக வெட்டித் தைத்துப் பார்த்தாள். எப்படித் தைத்தாலும் ஒரு நாள் குட்டையாகவே வந்தது. அந்த ஒரு நாளைச் சரிக்கட்டத் தம்பி ஊசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போட்டுக்கொண்டான்.

"நான் போயிட்டா ஒரு வசதி இருக்குக்கா. கால் வலிக்காம நானே நின்னுக்குவேன்."

"வாயக் கழுவுடா எருமை. செத்தாலும் உனக்கு இருபத்து மூணுதான், முன்னாடி ஒண்ணும் விட மாட்டாங்க."

இரண்டு மாதத்தில் வரிசையில் இறந்தவர்கள் பதினொருவர் ஆனார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு வந்தது. வரிசையை எண்ணியது, பட்டியலின் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னது, 'சிகிச்சையைப் பாதியில் கைவிட்டவர்கள்: யாருமில்லை' என்று எழுதிக்கொண்டு போனது. அடுத்த வாரம் மருத்துவமனைக்குச் சிறந்த சேவைக்கான கேடயம் வந்தது. மருந்துக்குக் கிடைக்காத லாரி கேடயத்துக்குக் கிடைத்திருந்தது.

தம்பி படுக்கையில் விழுந்து, மூச்சு வேகமாக இறைக்கத் தொடங்கிய அன்று மருந்தும் வந்தது. ஐந்து குப்பி. வரிசையின் முதல் ஐந்து பேரும் அதற்குள் இறந்திருந்தார்கள். மருந்தாளுநர் பேரேட்டைத் திறந்து, சட்டப்படி முதல் எண்ணைக் கூப்பிட்டார். தையல்காரி இடத்தை விட்டு ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தவங்களுக்கு எதுக்கு சார் மருந்து? என் தம்பி உயிரோட கெடக்கான்!"

"நான் என்னம்மா பண்றது? செத்தா டோக்கன் செல்லாதுன்னு எங்கயும் எழுதலயே."

"செத்தவன் நிப்பான்னு எவனாவது எழுதுவானா?"

மருந்தாளுநர் குச்சியை எடுத்தார், எதைத் தட்டிக் காட்டுவது என்று தெரியாமல் கீழே வைத்தார், முதல் மூவருக்கும் கொடுத்துவிட்டுப் பதினேழு என்று கூப்பிட்டார். தபால்காரர் கையெழுத்துப் போட்டு நான்காவது குப்பியை வாங்கினார். வாசலுக்குப் போகாமல் திரும்பி, வரிசை நெடுக முகங்களைப் பார்த்தபடி நடந்து, கம்பியோரம் நின்று அழுதவளிடம் வந்தார்.

"வெல்டிங்காரன் அக்காதானே? இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

தன் டோக்கனின் பின்பக்கத்தை நீட்டினார். அவள் போட்டாள். குப்பி ஜில்லென்று இருந்தது. மருத்துவமனைக் குளிர்பெட்டியில் ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்ததால் மருந்து மேசை வெயிலில்தான் கிடந்தது. ஆனால் தபால்காரரின் கை அதைவிட நல்ல குளிர்பெட்டி. மற்ற நால்வரும் அவரைப் பார்த்து, ஆளுக்கொரு உயிருள்ளவரைத் தேடிப் போனார்கள்.

தம்பி மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்றான். அவள் மறுபடி வரிசைக்கு ஓடினாள். கடைசியில் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார், நாற்பத்தொன்றாம் எண்ணோடு.

"அதான் வாங்கியாச்சே ஐயா, நீங்க போகலாமே?"

"பத்து நாள்ல தீந்துடும்ல. நீ போய்த் தையி. நான் கொண்டாந்து தர்றேன்."

அதிலிருந்து உயிரோடு இருப்பவர்கள் அந்த வரிசையில் நிற்பதில்லை. விலாசத்தை மட்டும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். தையல்காரி தபால்காரருக்குத் தோளில் மாட்டும் பை ஒன்று தைத்துக் கொடுத்தாள். தம்பி இரும்புக் குழாயில் நீளமாக ஒரு பெஞ்சு அடித்துக் கொண்டுவந்து போட்டான். யாரும் உட்காரவில்லை, அதில் இப்போது செருப்புகள் இருக்கின்றன. பட்டியலைப் பெரிய எழுத்தில் மறுபடி அச்சடித்து மாட்டினார்கள். இரண்டாவது கேடயமும் வந்துவிட்டது. குப்பிகள் எப்போதும்போல ஐந்தும் ஆறுமாக வருகின்றன. வரிசையில் நிற்கும் அறுபத்து மூன்று பேருக்கும் அவசரமில்லை. அவர்களுக்கு அவசரம் இருந்த காலத்தில், வேறு யாருக்கும் இருக்கவில்லை.