மேஜர் சாருக்கு ஒரு விரோதி

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலகம் அழியத் தொடங்கும் நாளில், திண்டுக்கல் மாநகரத்தின் மரியநாதபுரம் மூன்றாவது தெரு மட்டும் அழியாது. அதற்குரிய ஏற்பாடுகள் யாவும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும் முன்னாள் என்.சி.சி. அதிகாரியுமான திரு. ராயப்பராஜ் அவர்களால் செவ்வனே செய்து முடிக்கப்பட்டுள்ளன. தெருவாசிகள் பீதியடைய வேண்டியதில்லை.

தெருவாசிகள் பீதியடையவும் இல்லை. அன்றைக்கு அவர்களுக்கிருந்த ஒரே கவலை, தண்ணீர் லாரி வருமா வராதா என்பது.

பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில் ராயப்பராஜ் வகித்த பதவி என்ன என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. 'மேஜர்' என்று கூப்பிடும்படி ஊரைப் பழக்கியவர் அவரேதான். மனைவி சகாயசெல்வி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. மகன் ரொனால்டு கனடாவில். அந்த வீட்டில் வாய் ஓயாமல் பேசியது யூடியூபில் வரும் ஒரு தாடிக்காரர்தான். கரண்டும் சோறும் சர்க்காரும் ஒரே நாளில் நின்றுபோனால் குடும்பத்தைக் காப்பாற்ற எந்தத் துப்பாக்கி தோது என்று, எங்கோ ஒரு அமெரிக்கக் காட்டுக்குள் நின்றுகொண்டு அவர் விளக்குவார். ராயப்பராஜ் மூன்று வேளையும் அவரோடுதான் சாப்பிட்டார்.

துப்பாக்கி கைவசம் இருந்தது. சிறுமலை வாழைத் தோட்டத்தில் பன்றி விரட்ட அப்பா வைத்திருந்த டபுள் பேரல். அவருக்குப் பின் லைசென்ஸ் ராயப்பராஜ் பேருக்கு மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, குழலைத் தனியே கழற்றி, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுப்பார். துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை விடமாட்டார். எண்ணெய் கூடினால் தூசி அப்பும், குறைந்தால் துரு ஏறும். தோட்டாக்களில் ஈரம் பட்டு ஊதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். சகாயசெல்வி நோயில் கிடந்தபோது மருந்துச் சீட்டை இத்தனை உன்னிப்பாக அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை, அதையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு லிடியா டீச்சர் கோலம் போட வெளியே வந்தால் வகுப்பு ஆரம்பமாகிவிடும்.

"டீச்சர், பிஸ்டல் பாக்க எடுப்பா இருக்கும். கை நடுங்குற வயசுல அது வேஸ்ட்டு. ரைபிள் தூரத்துக்கு. நம்ம தெரு நீளமே இம்புட்டுதான். வீட்டுக்கு டபுள் பேரல்தான் சரி. ரவை சிதறும்ல, குறி பிசகினாலும் ஏதோ ஒண்ணு மேல படும்."

"எங்க வீட்டு சன்னல்தான் சார் நேர் எதுக்க இருக்கு."

சங்கடம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் வந்தது. கலெக்டர் ஆபீஸில் இருந்த பெண் பழைய காகிதங்களைப் புரட்டினாள்.

"பயிர்ப் பாதுகாப்புன்னு போட்டிருக்கு. தோட்டம் இருக்கா சார்?"

"வித்தாச்சும்மா. பையனைக் கனடா அனுப்பினேன்ல."

"அப்ப என்ன காரணம் போடுறது?"

ராயப்பராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். "அவசரகாலத் தயார்நிலை."

"அப்பிடி ஒண்ணும் இல்லையே சார். உயிருக்கு ஆபத்துன்னா போடலாம். உங்களக் கொல்ல யாராச்சும் இருக்காங்களா?"

"எக்கச்சக்கம்."

"ஒரு ஆள் பேரு சொன்னாப் போதும். ஸ்டேஷன்ல விசாரிப்பாங்க."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் ஒருவரும் அகப்படவில்லை. பிரம்பால் வெளுத்து வாங்கிய மாணவர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள். சகலை சார்லஸ் நல்ல விரோதிதான், செத்துப்போனார். துப்பாக்கி போனால் மேஜரும் போய்விடுவார், மிச்சமிருக்கப் போவது வேட்டி கட்டிய ஒரு கிழவன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சாணார்பட்டி பக்கம் போகிற பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றபோதுதான் அந்த ஊர்க் கருப்புசாமி நினைவுக்கு வந்தான். சகாயசெல்வி வழி நிலத்தில் கிணற்றுப் பாதைக்காக வருஷக்கணக்கில் கேஸ் நடத்தியவன். கோர்ட் வாசலில் எல்லோரும் கேட்க, "உன்னைய வெட்டாம விடமாட்டேன்டா" என்று கத்தியவன். ராயப்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சாணார்பட்டிக்குப் போனார். கருப்புசாமி மோட்டார் ரூம் நிழலில் சம்பங்கிப் பூவைக் குவித்து வைத்திருந்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"யாரு? மேஜர் சாரா? வாங்க, வாங்க. ஏ ஜக்கம்மா, மோரு கொண்டா. வீட்டம்மா தவறுனது கேள்விப்பட்டேன் சார். எனக்கு அப்பத்தான் கண்ணுல ஆப்பரேசன், வர முடியல."

"அது கெடக்கட்டும். கோர்ட் வாசல்ல என்னை வெட்டுவேன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"அட, அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? ஏதோ ரத்தத் திமிரு. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு வேண்டாம்யா. அதை இன்னொரு தடவை சொல்லணும். போலீஸ் வந்து கேக்கும். ஆமா, வெட்டத்தான் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

மோர்ச் செம்போடு வந்த ஜக்கம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவரா? கோழி அறுக்கவே பக்கத்து வீட்டுல ஆள் கூப்புடுறாரு!"

"நீ சும்மா இரு புள்ள. சரி சார், உங்களுக்கோசரம் சொல்லிர்றேன்."

உங்களுக்கோசரம். விரோதி பேசுகிற பேச்சா இது? ராயப்பராஜுக்கு எரிந்தது.

"ஏம்ப்பா, எம்மேல உனக்குக் கொஞ்சமாச்சும் கோவம் மிச்சம் இருக்கா இல்லையா?"

கருப்புசாமி உண்மையாகவே யோசித்தான். "உள்ளதச் சொல்லணும்னா சார், நீங்க இருக்குற நெனப்பே எனக்கில்ல."

திரும்பும்போது, பரம விரோதி கொடுத்த ஒரு கட்டு முருங்கைக்காய் மேஜரின் கக்கத்தில் இருந்தது. கலெக்டர் ஆபீஸில் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரமே ஏட்டு பொம்மையன் விசாரணைக்கு வந்தார். சன்னலுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார் ராயப்பராஜ். போலீஸ் வந்து ஒருவரைப் பற்றிக் கேட்டால் மூன்றாவது தெரு முழுக்க ஒரே பதில்தான் சொல்லும். கேட்கப்படுகிறவர் திருடனாக இருந்தாலும் அதில் மாற்றம் கிடையாது.

"தங்கமான மனுசன் சார்" என்றார் லிடியா டீச்சர். "ஒருத்தர் வம்புதும்புக்குப் போக மாட்டாரு. அவருக்குப் போயி யாரு விரோதி?"

அயர்ன் வண்டிக்காரர் சடையாண்டி ஒரு படி மேலே போனார். "அவரா? வீட்டுல ஆள் இருக்குற சத்தமே கேக்காதுங்கய்யா."

கதவைத் திறந்துகொண்டு போய்ச் சடையாண்டியை ஓர் அறை விட்டாலாவது கேஸ் தேறும் என்று ராயப்பராஜுக்குத் தோன்றியது. நேற்று இஸ்திரிக்குக் கொடுத்த சட்டை சடையாண்டியிடம் இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றார்.

ஏட்டு கடைசியில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"சாணார்பட்டிக்கும் போய்ட்டுத்தான் சார் வாரேன். யூனிபார்மப் பாத்ததுமே, நான் ஒண்ணும் செய்யலைங்கய்யான்னு ஆரம்பிச்சிட்டாரு அந்தாளு. உங்க பேரச் சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டாரு. தெய்வம் மாதிரின்னாரு."

"பொய் சொல்றான்யா! என்னை வெட்டுவேன்னு சொன்னவன் அவன்!"

"எப்ப சார்?"

"தொண்ணூத்தேழுல."

பொம்மையன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நானும் பாத்தேன் சார். ஒரே ஒரு ஆள் உங்களத் திட்டியிருந்தாக்கூட ஒட்டவச்சு எழுதியிருப்பேன். அதுவும் இல்லையே."

புதுப்பிக்க முடியாது, ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரொனால்டுக்குப் போன் போட்டார். "நல்லதாப் போச்சுப்பா. குடுத்துருங்க. நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்புடுறேன்" என்றான் மகன்.

கொடுக்கிற அன்று காலையில் குழலுக்குள் துணியை எத்தனை தரம் இழுத்தாரோ, அவருக்கே தெரியாது. போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டு போனார். ஸ்டேஷனில் பொம்மையன் எண்ணைக் குறித்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

"மாசம் ஒரு தடவையாச்சும் எண்ணெய் காட்டணும். சுவத்துல சாச்சு வைக்கக் கூடாது, ஈரம் இறங்கிரும்" என்றார் ராயப்பராஜ்.

"சரி சார். அந்தச் செவுத்துல சாச்சு வைங்க."

அங்கே ஏற்கெனவே சில துப்பாக்கிகள் சாய்ந்திருந்தன. பிடிபட்ட மணல் வண்டியின் சக்கரம் ஒன்றும் பக்கத்தில் கிடந்தது. வைத்துவிட்டு, போர்வையை மடித்து எடுத்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பிடும்போது தாடிக்காரர் எச்சரித்தார்: அவர்கள் கட்டாயம் வருவார்கள், உங்கள் கதவைத் தேடி வருவார்கள். ராயப்பராஜ் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். கதவைத் தாழிடாமலே படுத்துக்கொண்டார்.

விடியும்வரை யாரும் வரவில்லை.