உரிமையாளரே குடியேறுகிறார்

...இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது, நோட்டீஸில் பத்து மணி என்று எழுதிக் கொடுத்தால் பத்து மணிதான், ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கதவைத் தட்டினால் அது வீட்டைப் பார்வையிடுவது ஆகாது, அத்துமீறல், அதுவும் வாடகைக்கு இருக்கும் டாம்சினிடம்... லிண்ட்சே இருக்கையில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தார். சொந்த வீட்டின் எதிரே திருடனைப் போல. டப்போ ஊரில் முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், நிறுத்தக் கோட்டைத் தாண்டி முன் சக்கரம் ஒரு விரல் அளவு போனாலும் பிரேக்கை மிதித்தவர், அவருக்குத் தெரியாத விதியா? சாலை விதிகள் தெரியும். வாடகை விதிகள்தான் ஒவ்வொன்றாக டாம்சின் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பதினேழு வயதில் அவரிடம்தான் ஓட்டப் பழகினாள், பின்னால் எடுத்து நிறுத்துவதில் மூன்று முறை தேர்வில் தோற்றாள், அப்போதெல்லாம் அவர் சொன்னதற்குத் தலையாட்டிய பெண். இப்போது பல் மருத்துவமனையில் தாதி. வாயைத் திறந்துவைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவள், அதனால் எதிராளி பதில் சொல்லக்கூடும் என்ற எண்ணமே அவளுக்கு வருவதில்லை. லிண்ட்சே, சமையலறைக் குழாய் சொட்டுது, அவசரம் இல்லாத ரிப்பேர்தான், ஆனா நியாயமான காலத்துக்குள்ளன்னு சட்டத்துல இருக்கு... இருக்கிறதாம். நியாயமான காலம் என்றால் எவ்வளவு? அதை யாரிடம் கேட்பது, மறுபடியும் அவளிடமா?

எல்லாம் அந்த ஆட்டால் வந்தது. வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி கேட்டு முறைப்படி படிவம் அனுப்பியிருந்தாள், பிராணியின் வகை என்ற இடத்தில் 'செம்மறிக் குட்டி, சிறியது' என்று எழுதி. கிண்டலாக இருக்கும் என்று நினைத்தார். பிறகு, கிண்டலாக இல்லாவிட்டால் எப்படி மறுப்பது, காரணம் சொல்ல வேண்டுமே என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே படிவத்தைக் காரின் முன்பெட்டிக்குள் போட்டார், இருபத்தொரு நாள் யோசித்தார், இருபத்திரண்டாம் நாள் காலை அவளிடமிருந்து செய்தி, அனுமதிச்சதுக்கு ரொம்ப நன்றி, லிண்ட்சே. பதில் சொல்லாவிட்டால் சம்மதித்ததாக அர்த்தமாம். மனைவி க்வெண்டா சிரித்தாள், முப்பத்தெட்டு வருஷமா என்கிட்டயும் அப்படித்தானே சம்மதிச்சுட்டு வர்ற என்றாள். சிரித்தது அப்போது. குட்டிக்கு நார்மன் என்று பெயர் வைத்தாள் டாம்சின். எட்டு மாதத்தில் நார்மன் ஒரு சோபா அளவுக்கு வந்துவிட்டது. போன முறை பார்வையிட க்வெண்டாவும் கூட வந்தாள், பின்கட்டில் குழாயடிச் செடியைக் குனிந்து பார்த்தாள், அவ்வளவுதான், நார்மன் பதினைந்தடி பின்னால் போய் ஓடி வந்தது. ஒரு வாரம் அவள் நின்றுகொண்டே தொலைக்காட்சி பார்த்தாள். காலி பண்ணச் சொல்லு அவளை என்றாள். எப்படிச் சொல்வது? காரணம் இல்லாமல் யாரையும் காலி பண்ணச் சொல்ல முடியாது, காரணங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, வீட்டுக்காரி முட்டுப்பட்டது அதில் இல்லை. பட்டியலைக் க்வெண்டாவே மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தாள், விரலால் ஓர் இடத்தைக் குத்தினாள். உரிமையாளரே குடியேறப் போகிறார். தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்தால் போதும். இதைப் போடு, லின், யாரு வந்து பார்க்கப் போறா என்றாள். அடுத்த ஆறு மாதம் வேறு யாருக்கும் விடக் கூடாது, பூட்டி வைப்போம் என்றாள். உண்மை என்று கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குமூலமும் வைக்க வேண்டும் என்பதை அவள் படிக்கவில்லை. அவர் படித்தார். போட்டும்விட்டார். உறை இப்போது சட்டைப் பையில் இருக்கிறது, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது.

நானே குடியேறப் போறேன், டாம்சின். கண்ணாடியைப் பார்த்து மெல்லச் சொன்னார். நிற்காமல் ஓட்டிவிட்டு, நிறுத்தப் பலகையை நான் பார்த்தேனே என்று மாணவர்கள் சொல்வார்களே, அதே குரல். இது ஆகாது. எதையும் செய்வதற்கு முன் மனதில் ஓட்டிப் பாருங்கள் என்றுதானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம்? சரி, ஓட்டிப் பார்ப்போம். எங்கே படுப்பேன்? முன் அறை வேண்டாம், லாரிச் சத்தம். பின்னால் இருக்கும் சின்ன அறை, கிழக்கு வெயில் வரும், ஜன்னலைத் திறந்தே வைக்கலாம், குளிரில்கூட, யார் கேட்பது? நாற்காலி ஒன்று. மேசை வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாத்திரத் தொட்டிப் பக்கம் நின்றபடியே மத்தி மீனை டப்பாவிலிருந்து அப்படியே தின்னலாம், முட்கரண்டியோடு முடிந்தது, கழுவ ஒரே ஒரு சாமான். வானொலி கிடையாது. சமையலறையில் ஒன்று குளியலறையில் ஒன்று என்று இரண்டு வானொலிகள் ஒன்றை ஒன்று திட்டிக்கொள்ளாத ஒரு காலை... கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். கெட்டில் கொதிக்கும் சத்தத்தைக் கடைசியாக எப்போது கேட்டோம்? சனிக்கிழமைகளில் நதிக்கரைக்கு நடந்து போய்... கார்க் கண்ணாடியில் தட்டும் சத்தம். டாம்சின்தான், கையில் தேநீர்க் குவளை.

"அரை மணி நேரமா இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க. நான் கூப்பிட்டா முன்னாடியே உள்ள வரலாம், தப்பில்ல. அதுவும் சட்டத்துல இருக்கு."

உள்ளே போனார். வீடு அவர் குடியிருக்கும் வீட்டைவிடச் சுத்தமாக இருந்தது, அது வேறு. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பின்கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நார்மன் பார்த்துக்கொண்டிருந்தது, யாரையும் முட்டியே அறியாத முகம். சின்ன அறையை மட்டும் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், ஜன்னல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று, உறையை எடுத்து நீட்டினார். டாம்சின் நின்றபடி படித்தாள், திருப்பி மறுபடியும் படித்தாள். முகம் பதினேழு வயதுக்குப் போய்விட்டது, மூன்றாம் முறை தோற்ற அன்று பார்த்தாரே, அந்த முகம். ஆட்டோடு வந்தால் யார் வீடு கொடுப்பார்கள்... அது அவருக்கே தெரியும்.

"இது நிஜம்தானா?" என்றாள். "பொய்யின்னா நான் தீர்ப்பாயத்துக்குப் போவேன். நேராவே சொல்லிடறேன்."

"நிஜம்தான்."

"க்வெண்டாவுக்கு இந்த வீடு பிடிக்காதே. நார்மன் இல்லாட்டியும் பிடிக்காதே."

"அவ வரல. நான் மட்டும்தான்."

யார் சொன்னது அது? குரல் தடுமாறவே இல்லை. காரில் ஒத்திகை பார்த்த குரல் இல்லை இது, தெருப் பெயர் சொல்வது போல, இன்று வெள்ளிக்கிழமை என்பது போல வெளியே வந்திருந்தது. டாம்சின் அவரையே பார்த்தாள். காகிதத்தை மடித்தாள். கோபம் எங்கே போயிற்று, இது என்ன புது முகம், இரக்கமா? அதை மட்டும் தாங்க முடியாதே...

"அவங்களுக்குத் தெரியுமா, லிண்ட்சே?"

குழாய்க்கு வாஷர் வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வருகிறேன், எழுத்தில் தெரிவிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். காரைக் கிளப்பி முனை திரும்புவதற்குள் க்வெண்டா கூப்பிட்டாள். கொடுத்துட்டியா? கொடுத்துட்டேன். அழுதாளா, சட்டம் பேசினாளா? ஒண்ணும் பேசல. பார்த்தியா, நான் சொன்னேன்ல, வர்றப்ப பால் வாங்கிட்டு வா... கடையில் குளிர்பெட்டியின் முன் நின்றார். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம்? பொய் என்றால் குற்றம், அந்தப் பெண்ணையும் ஆட்டையும் தெருவில் விட்ட பாவம் அதற்கு மேலே. உண்மை என்றால்... உண்மை என்றால் டாம்சினுக்குத் தொண்ணூறு நாள், க்வெண்டாவுக்கு எத்தனை? அதற்கு எந்தப் படிவம்? பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள், ஒரு பெண். குளிர்பெட்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி எவ்வளவு நேரமாக நிற்கிறோம்? மன்னிக்கணும் என்று சட்டென்று ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். முப்பத்தெட்டு வருடமாக அவருக்கும் க்வெண்டாவுக்கும் மூன்று லிட்டர் பால்தான். கல்லாவின் முன் வந்த பிறகே கையைப் பார்த்தார், ஒருவருக்கு மட்டும் போதுமான அந்தச் சின்ன புட்டி, திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வரலாம், வரிசையில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள், நேரம் இருக்கிறது, அவர் நின்றுகொண்டிருந்தார்.