ஒன்பதாவது டின்

தம்பியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு என் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மௌத்தான ஷேக் பரீதின் அண்ணன் மீரா உசேனாகிய நான், பள்ளிவாசல் ஹஜ்ரத் இப்ராஹிம், தம்பி தொடங்கிய டெல்டா கோல்ஃப் கிளப்பின் செயலாளரும் திருவையாற்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருமான சிவசங்கரன், என் வயல்களைப் பார்த்துக்கொள்ளும் பக்கிரி, நடவுப் பெண்களை அழைத்து வரும் மங்களாம்பிகை. உள்ளறையில், திரைக்குப் பின்னால், கணவனை இழந்து இத்தாவில் தனித்திருக்கும் தம்பி மனைவி சைத்தூன் பீவியும், ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த அவர்கள் மகள் தஹ்மீனாவும். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம் உண்டு. அன்று அங்கே இல்லாத பத்துப் பேராவது, அங்கே நடந்தது என்ன என்று இப்போது ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கூடத்தின் வாசல் சுவரோரம் ஒன்பது பால்பவுடர் டின்கள் வரிசையாக இருந்தன. நாற்பது நாளாக அவை அங்கேயேதான் இருந்தன. எடுத்து வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லாமல் எடுக்க மற்றவர்களுக்குத் துணிவில்லை.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டிருந்தது. ஷேக் பரீத் வாய்க்காலில் விழுந்த கோல்ஃப் பந்தை எடுக்கப் போய், மதகில் தலை மோதி, முழங்கால் தண்ணீரில் செத்தான் என்பது அந்தப் பேச்சு. டீக்கடையில் சொல்லும்போது முதலில் உச்சுக்கொட்டுவார்கள், பிறகு யாராவது ஒருவன் சிரித்துவிடுவான். எங்கள் குடும்பத்தில் யாரும் சிரிக்கும்படியாகச் செத்ததில்லை. எங்கள் அத்தா தாலுகா கச்சேரிக்குப் போய்த் திரும்பும் வழியில் வில்வண்டியிலேயே போனார். வண்டி வீடு வந்து சேரும்வரை வண்டிக்காரனுக்குத் தெரியவில்லை. அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

பரீத் எனக்குப் பதினோரு வயது இளையவன். வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் முகாமில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தான். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு நான் 'மைதான மேற்பார்வை' என்று சொல்லி வந்தேன். உண்மையில் அவன் பாலைவனத்து மணலில் எண்ணெய் தெளித்து, உருளை ஓட்டி, வெள்ளைக்காரர்கள் பந்து உருட்டுவதற்குத் தரை செய்துகொண்டிருந்தான். அங்கே ஒரு புல் முளைக்காது. ஆட்டக்காரன் கையிலேயே ஒரு துண்டுப் புல்விரிப்பை எடுத்துப் போவான், பந்து எங்கே கிடக்கிறதோ அங்கே விரிப்பைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பான். தொண்ணூற்றாறில், ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த காலத்தில், இவன் திரும்பி வந்தான். மற்றவர்கள் கொண்டு வரும் டேப்ரெக்கார்டரோ கம்பளியோ அவனிடம் இல்லை. ஒரு நீளமான பை. அதில் ஏழு மட்டைகள், நான்கு துண்டு விரிப்பு.

"அண்ணே, சித்திரை வைகாசி ரெண்டே மாசம். உளுந்து புடுங்கினப்பறம் வயலு சும்மாதானே கெடக்கு?" என்றான்.

"வயலு சும்மா கெடக்கலடா. காயுது."

"காயட்டும்ணே. அது காயுறதுக்கு நாங்க ஒரு தொந்தரவும் பண்ண மாட்டோம்."

இப்படித்தான் அவன் பேசுவான். கோபப்பட இடம் தரமாட்டான். குடமுருட்டி ஆற்றங்கரையோரம் பாகம் பிரிக்காமல் கிடந்த எங்கள் வயல்களிலும், சிவசங்கரன் சாரின் இரண்டு மா நிலத்திலும் ஒன்பது குழிகள் தோண்டினான். குழிக்கு ஒரு டின். டின்னைச் சுற்றி, நெல் அடிக்கும் களத்தை மெழுகுவது போலச் சாணம் கரைத்து மெழுகினான். நடுவே மூங்கில் குச்சியில் துணிக் கொடி. பந்து நில வெடிப்புக்குள் விழுந்தால் எடுத்து வெளியே வைத்து அடிக்கலாம், குற்றமில்லை. வரப்பில் பட்டுத் திரும்பினால் அவரவர் தலையெழுத்து. இவை அவன் செய்த விதிகள். ஒரு ரப்பர் ஸ்டாம்ப்கூடச் செய்து வைத்திருந்தான். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், அரிசி ஆலைக்காரர், தஞ்சாவூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் இரண்டு டாக்டர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. ஆனி பிறந்து ஆற்றில் தண்ணீர் வருகிற செய்தி கேட்டதும் கொடிகளையும் டின்களையும் பிடுங்கிவிடுவார்கள். பிறகு அடுத்த சித்திரை வரை டெல்டா கோல்ஃப் கிளப் தண்ணீருக்கும் நெல்லுக்கும் அடியில் இருக்கும்.

எனக்குப் பொறுக்காத விதி வேறொன்று. வயலுக்குள் ஆட வந்த யாரும் யாருக்காகவும் தோளிலிருந்து துண்டை எடுக்கக் கூடாது. என் வாசலில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கும் பக்கிரி, அங்கே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அரிசி ஆலைக்காரரை ஜெயித்தான். மண்வெட்டி பிடித்த கை. பந்து போய் விழுகிற இடத்தைச் சொல்லிவிட்டு அடிப்பான்.

"ஆலைக்காரர அந்த ஓட்டு ஓட்டினியாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நா எங்க மொதலாளி ஓட்டினேன்? அவருதான் பந்த விட்டுட்டுத் தரைய அடிச்சாரு. ரெண்டு போகத்துக்குக் கொத்தி வுட்டாப்ல ஆயிடுச்சு" என்றான். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சிரித்தேன்.

நான் ஒருமுறைதான் அங்கே போனேன். இரண்டாம் வருஷக் கோடை. விடியலில் ஃபஜ்ரு தொழுதுவிட்டு நான் வரும் வழியில், பரீத் மட்டும் தனியாகக் களம் மெழுகிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் விரிப்பைப் போட்டு, பந்தை வைத்து, மட்டையை நீட்டினான். சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சலவைச் சட்டை கசங்காமல் ஒரு அடி அடித்தேன். பந்து பம்புசெட்டுக் கொட்டகையின் செங்காவிச் சுவரில் போய் 'டப்' என்று மோதி, காவித் தடத்தோடு கீழே விழுந்தது. பரீத் ஓடிப்போய் எடுத்து வந்தான். நாற்பத்தைந்து வயதுக்காரன், சின்னப் பிள்ளை போல ஓடினான். "அண்ணே, பதினாலு வருஷத்துல இப்படி ஒரு அடி பார்த்ததில்ல" என்றான். பொய். ஆனால் அந்தப் பொய்யை என்னிடம் மட்டும் சொன்னான், ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பந்தைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானும் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் வருஷம் ஒரு தவறு நடந்தது. எட்டு டின்களை எடுத்துவிட்டு ஒன்பது என்று நினைத்துவிட்டார்கள். உழவு மாடுகளுக்குத் தப்பிய அந்த டின் நடவன்று மங்களாம்பிகையின் காலைக் கிழித்தது. ஏழு தையல். நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். மறுநாள் நடவுப் பெண்கள் வரப்பில் வந்து நின்றார்களே தவிர ஒருத்தியும் இறங்கவில்லை. எங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று யாரும் சொன்னதாக, நான் அறிந்து, மூன்று தலைமுறையில் கிடையாது. கட்டுப் போட்ட காலோடு மங்களாம்பிகை வந்து, "எறங்குங்கடி, நாத்து வாடுது" என்று அதட்டிய பிறகுதான் இறங்கினார்கள். அன்று பரீத் வரப்பில் தலை குனிந்து நின்றான். நான் அவனிடம் சொன்னேன்: இனிமேல் தண்ணீர் வருமுன் ஒன்பது டின்னையும் என் வாசலில் வரிசையாக வைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கிளப் கிடையாது.

நான்காம் வருஷம். மேட்டூர் அணை திறந்து ஆறு நாள். மாலை அஸர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தேன். பரீத் சைக்கிளில் டின்களைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையாக வைத்தான். எண்ணினேன்.

"எட்டுதான் இருக்கு."

"ஒம்போதாவது மதகு மேட்டுல இருக்குண்ணே. தண்ணி இப்பத்தான் தலவாய்க்கால்ல வருது. அந்த மேடு ஏற ரெண்டு நாளாகும். காலைல மொத வேலையா எடுத்தாறேன்."

"போன வருஷமும் எட்டோடதான் நின்னுச்சு."

"கால் வலிக்குதுண்ணே."

"மங்களாம்பிகைக்கு வலிச்சுதே, அதவிடவா? இப்பவே போய் எடுத்துட்டு வாடா."

அவன் சிரித்தான். சைக்கிளை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போனான். அவன் முதுகுதான் எனக்குக் கடைசி.

புதுத் தண்ணீரில் மதகுக் கரை இளகியிருந்திருக்கிறது, கால் சறுக்கியிருக்கிறது. அந்தி மஃரிபு தொழுகைக்கு அவன் பள்ளிவாசலுக்கு வரவில்லை என்றதும் பக்கிரி தேடிப் போனான். அவன்தான் தூக்கி வந்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "பந்து எடுக்க எறங்கியிருப்பாருங்க. பையில பந்து இருந்துச்சு" என்று சொன்னதும் அவன்தான். அந்தப் பேச்சு அங்கிருந்துதான் ஊருக்குள் போனது. மறுநாள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கும் முன் என் வாசலைப் பார்த்தேன். வரிசையில் ஒன்பது டின்கள் இருந்தன. ஒன்பதாவதில் சேறு. பக்கிரியைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாற்பது நாள் அந்தப் பேச்சை நான் மறுக்கவில்லை. என் தம்பியைப் பார்த்து ஊர் சிரித்தது, நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஹஜ்ரத் துஆ முடித்து, நேர்ச்சைச் சோறு பரிமாறி முடிந்ததும், சிவசங்கரன் ஒரு தாளை எடுத்தார். அடுத்த சித்திரையில் முதல் குழியருகே தம்பி பெயரில் ஒரு கல் வைக்கக் கிளப்பில் தீர்மானித்திருந்தார்கள். கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தை அவர் பள்ளிக்கூடக் குரலில் படித்தார். "கோல்ஃப் என்றால் என்னவென்று அறியாத காவிரி மண்ணில் அதை விதைத்தவர். சமமாக நின்று ஆடச் சொன்னவர். ஆட்டத்தின் மீது கொண்ட காதலால், பந்தைத் தேடிச் சென்ற இடத்தில் இன்னுயிர் நீத்தவர்."

"காதல்னு போட்டுட்டேன் பாய். மார்க்கத்துல தப்பா ஹஜ்ரத்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார் ஹஜ்ரத்.

திரை அசைந்தது. தஹ்மீனாவின் குரல் வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் எங்கள் அத்தாவின் குரல் போல நடுங்காமல் வந்தது.

"பெரியத்தா, அந்தக் கடைசி வரி மட்டும் வேணாம்னு சொல்லுங்க."

"ஏம்மா?" என்றார் சிவசங்கரன்.

"பதினாலு வருஷம் எங்கள விட்டுட்டு அங்க இருந்தாரு, சம்பாதிக்கத்தான்னு இருந்தோம். திரும்பி வந்தும் ஒரு பந்துக்காக எங்கள விட்டுட்டுப் போயிட்டாருன்னு கல்லுல வேற எழுதணுமா மாமா? எம் புள்ளைங்க வந்து படிக்கும்ல?"

சைத்தூன் பீவி உள்ளே, "சும்மா இரும்மா" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் எழுந்தேன். பக்கிரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொதலாளி, வேணாம்" என்றான். அவன் எதற்காக அந்தப் பந்துக் கதையைச் சொன்னான் என்பது எனக்கு அப்போது முழுதாகத் தெரிந்தது. துண்டு அவன் தோளில்தான் கிடந்தது. என் வீட்டுக்குள் அதை எடுக்க மறந்திருந்தான், நானும் அதைக் கவனித்தேன் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

"சார், அந்த வரிய அடிச்சிருங்க. பந்து அவன் சட்டைப் பையில இருந்துச்சு. பித்தான் போட்டிருந்துச்சு. அது நான் ஒரு தடவ அடிச்ச பந்து, செங்காவி ஒட்டியிருக்கும், வேணும்னா பாருங்க. அவன் போனது டின் எடுக்க. இந்தப் பொம்பளைங்க காலுல குத்தக் கூடாதுன்னு போனான். காலைல எடுக்குறேன்னான். கால் வலிக்குதுன்னான். இப்பவே போடான்னு அனுப்பினது நான்."

மங்களாம்பிகை தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். ஹஜ்ரத் கண்ணை மூடிக்கொண்டார். திரையை விலக்கிக்கொண்டு தஹ்மீனா வெளியே வந்தாள், நேராகச் சுவரோரம் போய் ஒன்பதாவது டின்னைக் கையில் எடுத்தாள்.

அவள் அதை என் மேல் வீசி எறிந்ததாகவும், அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டதாகவும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்கள் வீட்டுப் பெண்கள் எதையும் வீசுவதில்லை. அவள் என் நாற்காலிக்கு அருகே தரையில் உட்கார்ந்தாள். டின்னைக் கவிழ்த்து, உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டி, உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.