மொச்சைப் பைக்குள் ஓர் எலும்பு

கருப்பண்ணன் வீட்டு அடுப்புக்கு மேலே, புகை படும்படி கட்டிய மூங்கில் பரணில், விதைப் பைகள் தொங்கும். சாமை, தினை, கேழ்வரகு, மொச்சை. புகையேறிய விதையைப் பூச்சி அண்டாது. விதைப்பு நாள் வரும்வரை வீட்டில் எவரும் அந்தப் பைகளில் கை வைக்க மாட்டார்கள். அதை நம்பித்தான் அவருடைய மகள் ருக்குமணி, பட்டணத்திலிருந்து கொண்டுவந்த சிறு துணிப்பையை அவற்றுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள்.

அந்தப் பைக்குள் ஒரு மனிதனின் மணிக்கட்டு இருந்தது. எட்டுச் சிறு எலும்புகள். கையில் கொட்டினால் ஆற்றுக் கூழாங்கல் போலத்தான் இருக்கும். ஆனால் எலும்பு எலும்புதான். மனித எலும்பு வீட்டுக்குள் வந்தது தெரிந்தால், மலைமேல் அரியூர் நாட்டில் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆள் இருக்காது. அப்பாவை ஊர்க்கூட்டத்தில் நிறுத்துவார்கள். அவள் படிப்பும் அன்றோடு முடிந்துபோகும்.

படிப்பு ஏற்கெனவே நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்து மிஷன் பள்ளியில் படித்து, அங்கிருந்து பட்டணத்து மருத்துவப் பள்ளிக்குப் போன ஒரே மலைப்பெண் அவள். முதல் பரீட்சையில் உடற்கூறு பாடத்தில் தோற்றுவிட்டாள். படிக்காமல் தோற்கவில்லை. சின்னப் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்தது போலவே அந்தத் தடித்த புத்தகத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பித்து வைத்திருந்தாள். பரீட்சகர் ஒரு பையை நீட்டி, பார்க்காமல் உள்ளே கைவிட்டு ஓர் எலும்பை எடுத்துப் பெயர் சொல்லச் சொன்னார். கை உள்ளே போனதும் பயந்துவிட்டாள். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய் மட்டும் புத்தகத்தைச் சொல்லிக்கொண்டே போனது. அவர் முழுவதும் கேட்டார். புத்தகம் தேறிவிட்டது, நீ தேறவில்லை என்றார். மழைக்காலம் முடிந்து இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது, விடுதியில் மேல்வகுப்பில் படித்த ராசம்மாள்தான் எலும்புகளை இரவல் கொடுத்தாள். கொடுக்கும்போது, வாயால் படிக்காதே என்றாள். கொஞ்சமாகப் படி, புத்தகத்தை மூடு, படித்ததைப் பார்க்காமல் வரைந்து பார். எங்கே தடுக்கிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் படி. நேற்றுப் படித்ததை இன்று கேட்டுக்கொள், போன வாரத்ததை இந்த வாரம் கேட்டுக்கொள். இன்னொருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்தால்தான் அது உனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

கடைசியாகச் சொன்னதற்கு மலையில் வழியில்லை. யாரிடம் சொல்வாள்? மற்றவற்றைச் செய்தாள். அம்மா பாப்பாயி காட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்புக்கரியால் தரையில் வரைவாள், அழிப்பாள். கண்ணை மூடி எலும்புகளைத் தடவுவாள். இங்கிலீஷ் பெயர் மறக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு பெயர் வைத்தாள். படகு, பிறை, முக்கோணம், பட்டாணி. வெளியே கோழி கிளறினாலும் கை நின்றுவிடும். அப்படியும் நாளாக ஆக விரல்களுக்குக் கண் திறந்துகொண்டு வந்தது. பட்டாணி மட்டும் பிடிபடவில்லை. இருப்பதிலேயே சிறியது அது. ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் என்று புத்தகம் சொன்னதை அவள் விரல் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனி மாதத்து ஒரு காலையில் அதைத்தான் விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. அம்மா அந்த நேரத்தில் வருகிறவள் அல்ல. மற்ற ஏழும் பைக்குள் இருந்தன. பையை மடியில் செருகிவிட்டாள். கையிலிருந்த பட்டாணியை என்ன செய்வதென்று தெரியாமல், வாய் தளர்ந்திருந்த மொச்சைப் பைக்குள் நழுவவிட்டாள். சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அம்மா நேரே பரணுக்கு வந்து பைகளை அவிழ்த்தாள்.

"மள முந்திக்கிச்சு கண்ணு. இன்னைக்கே வெதை கும்பிடறாங்களாம். தலைக்கு ஊத்திக்கிட்டு வா, கூடைய நீதான் சொமக்கோணும்."

விதைப்புக்கு முன் ஒவ்வொரு வீட்டு விதையும் அம்மன் முன்னால் போய்வர வேண்டும். கல்யாணமாகாத பெண் சுமப்பாள். கூடைமேல் ஈரத்துணி போர்த்துவார்கள். பூசாரி திறக்கும்வரை விதையைக் கண்ணால் பார்க்கக் கூடாது. பட்டணம் போன பிறகு ருக்குமணி இதையெல்லாம் மறந்தே போயிருந்தாள். இப்போது விதைப் பைகள் அடுக்கிய கூடை அவள் தலைமேல் ஏறியது. அம்மா முன்னால் நடந்தாள், அப்பா பின்னால் வந்தார். நடுவில் அவள் தலையிலும் மடியிலும் செத்தவன் எலும்பைச் சுமந்துகொண்டு அம்மனிடம் போனாள்.

கோயிலில் கூடைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பூசாரி சின்னையன் மூன்றாவது கூடைக்கு வந்திருந்தார். அவளுடையது கடைசி. ருக்குமணி ஈரத்துணியைச் சரிசெய்வது போலக் கையை உள்ளே விட்டாள்.

பார்க்காமல், பைக்குள் கை. பரீட்சையில் வந்த அதே பயம். மொச்சை, மொச்சை, மொச்சை. எல்லாம் வழவழப்பு, எல்லாவற்றுக்கும் விளிம்பில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பு இல்லாதது எது என்று தேடினாள்.

பக்கத்து வீட்டுக் கண்ணாயி கவனித்துவிட்டாள். "ஏனுங்க டாக்டரம்மா, வெதைக்கும் நாடி பாக்கறீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். ருக்குமணியும் சிரிக்கப் பார்த்தாள். விரல் நிற்கவில்லை. அப்போது தட்டுப்பட்டது. மூன்று பக்கம் சொரசொரப்பான உருண்டை, ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் பதிகிற மாதிரித் தட்டை. புத்தகம் சொன்னது சரிதான். இத்தனை நாள் பிடிபடாதது இந்த நிமிஷத்தில் பிடிபட்டது. இரண்டு விரலால் அதைக் கவ்வினாள்.

உடுக்கை அடித்தது. விரல் துள்ளி, எலும்பு நழுவியது. மறுபடி தேடுவதற்குள் யாரோ கூடையை இழுத்துவிட்டார்கள்.

சின்னையனுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. மொச்சைப் பையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, அம்மனைச் சுற்றி, வீட்டுக்காரர் ஏந்திய கையில் கொட்டினார். முதல் விதைப்பு அந்தப் பிடியிலிருந்துதான். ருக்குமணி அப்பாவின் கையையே பார்த்தாள். வெள்ளை மொச்சைக்கு நடுவே, பழுப்பாக, அது இருந்தது.

கருப்பண்ணனும் பார்த்தார். கட்டைவிரல் ஒருமுறை அதன்மேல் போய் வந்தது. பிறகு கையை மூடிக்கொண்டார். திரும்பி மகளைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் பாப்பாயி கண்ணாயியோடு பேசிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். ஓடையருகே அவர் நின்றார். கையைத் திறந்தார்.

"இது வெதையில்ல சாமி."

"இல்லீங்கப்பா."

"என்னது?"

"மனுசக் கையெலும்புங்க. படிக்கறதுக்குக் கொண்டாந்தேன்."

"யாரோடது?"

இத்தனை நாள் தடவியும் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதில்லை. தெரியவில்லை என்றாள்.

அவர் அடிக்கமாட்டார் என்று தெரியும். இனிப் படிக்கப் போகவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தாள். அவர் மொச்சையை மடியில் கட்டிக்கொண்டார். இந்த விதை முளைக்காவிட்டால் அம்மனுக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். மீதி எங்கே என்று கேட்டு, அவள் மடியிலிருந்த பையை வாங்கினார். எல்லாவற்றையும் தேக்கிலையில் சுருட்டி, ஓடையைத் தாண்டி, ஊரெல்லைக்கு அப்பால் ஒரு பாறை இடுக்கில் வைத்துக் கல்லால் மூடினார். ஓடையில் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"போறப்ப எடுத்துக்க. அதுவரைக்கும் ஊட்டுக்குள்ள வேண்டாம்."

அப்படியானால் எதை வைத்துப் படிப்பது? அழுகைதான் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பரீட்சை. அந்தப் பை, அந்த மேஜை, அந்தப் பரீட்சகர்.

கருப்பண்ணன் பாறைமேல் உட்கார்ந்தார்.

"அது கையில எங்க இருக்கும்?"

அவள் தயங்கி அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கை முடியும் இடத்தில், சுண்டுவிரல் பக்கம், தோலுக்கடியில் அது இருந்தது. அழுத்தினால் அசைந்தது. தன் உடம்புக்குள் இருப்பது தெரிந்ததும் அவர் கையை இழுத்துக்கொண்டார். சற்று நேரம் மணிக்கட்டையே பார்த்தார். பிறகு தானாகவே மறுபடி நீட்டினார்.

"இதுல படி. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பட்டாணி என்றாள். அதற்கு அடியில் முக்கோணம், அது அரைகுறையாகத்தான் தெரியும் என்றாள். பக்கத்தில் பிறை, அது உள்ளே ஒளிந்திருக்கும். ஏன் ஒளிந்திருக்கிறது என்று அவர் கேட்டார். சொல்லத் தெரியாமல் தடுக்கியது. தடுக்கிய இடத்தை மனதில் குறித்துக்கொண்டு நகர்ந்தாள். கட்டைவிரல் பக்கம் படகு. அதற்குச் சற்று மேலே விரல் போனபோது நாடி தட்டுப்பட்டது.

அது ஓடிவந்தவன் நாடி போல அடித்துக்கொண்டிருந்தது. அப்பா அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார். குரலும் நிதானமாகத்தான் இருந்தது.

"அப்பறம்?" என்றார்.

அவர் கையை விடாமல், மீதி நான்கு எலும்பு இருக்கும் அடுத்த வரிசையை அவள் சொல்லத் தொடங்கினாள்.