இருட்டில் ஐந்து ஜெபமாலை

எர்சிலியாவின் பிலிம் ரோலைக் கழுவித் தருவதாக நான்தான் சொல்லியிருந்தேன்.

உலகின் தென்கோடியில் இருக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் இலையுதிர்காலம் ஏப்ரலில் வரும். மலைச்சரிவின் லெங்கா மரங்கள் ஒரே வாரத்தில் சிவந்துவிடும். பிறகு பெரிய காற்று ஒன்று அடிக்கும், எல்லாம் தரைக்கு வந்துவிடும். அந்தச் சிவப்பைத் தவறவிடக் கூடாதென்று பங்குக்கோயில் பெண்கள் சனிக்கிழமைதோறும் காட்டுக்கு நடப்பார்கள். பொறுக்கி வந்த இலைகளோடு கம்பளியை வேகவைத்துச் சாயம் ஏற்றுவார்கள். நானும் என் கேமராவும் எல்லோருக்கும் கடைசியில் போவோம். இந்த ஆண்டு அந்தப் பெண்களில் ஒருத்தியான எர்சிலியா தன் கணவர் பவுதிலியோவையும் அவருடைய பழைய கேமராவையும் கூட்டி வந்தாள். பிலிமில் படம் எடுப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

ஒன்பது நாள் கழித்து, விறகு பிளந்துகொண்டிருந்த பவுதிலியோ கீழே விழுந்தார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் வராமல் போய்விட்டன. அன்று முதல் கட்டிலும் ஜன்னலோர நாற்காலியும்தான். பேச்சு மட்டும் தப்பியது. அந்தப் பேச்சில் தினமும் ஒரே கேள்வி: "அருவி வரைக்கும் நடந்தேனே, அந்தப் படம் வந்துச்சா?"

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு எர்சிலியா ரோலோடு வந்தாள். என் குளியலறைதான் என் இருட்டறை. கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, காற்றுத் துளையையும் அடைத்து வைத்திருக்கிறேன். உள்ளே போய் விளக்கை அணைத்து, ரோலை உடைத்து, பிலிமைச் சுருளில் ஏற்றி, ஒளி புகாத டப்பாவில் போட்டு மூடிவிட்டால் வெளிச்சத்துக்கு வந்துவிடலாம். மருந்து ஊற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. பத்து நிமிட வேலை.

சுருளை டப்பாவில் இறக்கிவிட்டு மூடிக்காகக் கை நீட்டினேன். பலகையில் மூடி இல்லை. தரையில் தடவினேன், தொட்டிக்குள் தடவினேன். கடைசியில் கதவைத் தட்டி எர்சிலியாவைக் கேட்டேன்.

எப்போதும்போல் மரியாதைக்குத் 'தோன்' சேர்த்து, வெளியிலிருந்து அவள் பதில் சொன்னாள்.

"தூசியா இருந்துச்சு தோன் இலாரியோ. கழுவிக் காய வச்சேன். இங்க, அடுப்புப் பக்கத்துல இருக்கு."

நல்ல மனதோடு செய்த காரியம்தான். இருந்தும் அந்த நேரத்தில் என் வாயில் வந்ததை இங்கே எழுத மாட்டேன். கதவு திறப்பது சமையலறைக்குள். அங்கே மலையைப் பார்த்த பெரிய ஜன்னல், அதற்குத் திரையே கிடையாது. ஒரு விரல்கடை திறந்தாலும் பிலிம் போய்விடும். சட்டையால் டப்பாவைச் சுற்றிக்கொண்டு வரலாமா என்று பார்த்தேன். நைந்து போன வெள்ளைச் சட்டை. பொழுது சாய இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

நான்கு மணிக்கு பவுதிலியோவுக்கு மாத்திரை கொடுத்துப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எர்சிலியா கதவோரம் வந்து நின்றாள்.

"திறந்துடுங்க. போனா போகட்டும். உங்களுக்கு மூச்சு முட்டும்."

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் இருக்கேன்" என்றேன்.

அவள் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஜெபமாலை கோட்டுப் பையில், கோட்டு சமையலறையில். விரல்களை எண்ணி 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தேன். முதல் ஜெபமாலை பக்தியோடு போயிற்று. இரண்டாவதில் முதுகு வியர்த்தது. சுவர்கள் கிட்டே வந்துவிட்டதுபோல் இருந்தது. கையை நீட்டினால் நிஜமாகவே கிட்டேதான் இருந்தன. மூன்றாவதில் கை இரண்டு தடவை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. எழுந்து அதைத் திறக்க என்னால் முடியும், பவுதிலியோவால் முடியாது என்ற நினைப்பு அப்போதுதான் என்னைச் சுட்டது. பவுதிலியோவின் அறைக்கு நான் மூன்று முறைதான் போயிருக்கிறேன். மூன்று முறையும் கோட்டைக் கழற்றவில்லை, நிலைப்படியைத் தாண்டவில்லை. அந்த அறையின் காற்றை என்னால் தாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. அவருடைய மதியங்கள் எவ்வளவு நீளம் என்று நான் யோசித்ததே இல்லை.

நான்காவது முடிகிற நேரம் வெளியே பல காலடிகள் கேட்டன.

"குளியலறையிலேயே குடித்தனம் வச்சிட்டீங்களா தோன் இலாரியோ?" ஓர்டென்சியாவின் குரல். குழுவில் எல்லோரையும் நடக்க விரட்டுகிறவள் அவள்தான். "வாடகை யாருக்குத் தர்றீங்க?"

எர்சிலியா போகிற வழியில் அவளிடம் சொல்ல, அவள் குழுவைத் திரட்டியிருக்கிறாள். ஒருத்தி எர்சிலியாவோடு போய் பவுதிலியோவைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மற்ற மூவரும், கோயில் சந்தையில் விற்பதற்காக இலைச்சாயம் ஏற்றிய கம்பளியை ஒரு மாதம் அடித்து இறுக்கிச் செய்த பெரிய கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவ்வளவு தடிப்பான துணி ஊரில் வேறு கிடையாது. ஜன்னல் பக்கம் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டதும், துணி ஓட்டையாகிவிடுமே என்று உள்ளிருந்து கெஞ்சினேன்.

"ஓட்டையில ஒரு பூ தைச்சுக்குவோம். நீங்க பேசாம இருங்க" என்றாள் ஓர்டென்சியா.

கம்பளம் ஏறியதும், திரும்பி வந்துவிட்ட எர்சிலியா, கண் பழகட்டும் என்று எல்லோரையும் பேசாமல் நிற்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் கசியும் ஒவ்வோர் ஓட்டையாகத் தெரிந்ததாம். வாசல் கதவின் சாவித் துவாரத்தில் மாவு பிசைந்து அப்பினார்கள். அடுப்பின் தணல் தெரியாமல் தட்டு வைத்து மறைத்தார்கள். எனக்கு ஐந்தாவது ஜெபமாலை முடிந்தது.

"என் கை எனக்கே தெரியல. திறங்க" என்றாள் எர்சிலியா.

திறந்தேன். இருட்டுக்குள் இருந்து ஈரமான ஒரு கை வந்து என் கையைத் தேடியது. அதில் மூடி இருந்தது.

மறுநாள் பிரிண்டுகளை எடுத்துக்கொண்டு பவுதிலியோ வீட்டுக்குப் போனேன். முப்பத்தாறில் பாதி கோணல் மரங்கள், சிலவற்றில் எர்சிலியாவின் கட்டைவிரல். பவுதிலியோ இருந்தது நான்கில். நான்கிலும் முதுகுதான், மரங்களுக்கு நடுவே கையை வீசிக்கொண்டு போகிற முதுகு. எர்சிலியாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எத்தனை தடவை கூப்பிட்டேன், ஒரு தடவை திரும்பினீங்களா?"

அவர் இடது கையால் படத்தை வெகுநேரம் பிடித்திருந்தார்.

"என் முதுக நான் பாத்ததே இல்ல" என்றார். "இவ்வளவு வேகமாவா போவேன்?"

எர்சிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேகமாகத்தான் போனார் என்றாள். நான் நிலைப்படியைத் தாண்டி, கோட்டைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்கல்லாம் எனக்குப் பின்னாடி வந்தீங்க, இலாரியோ. முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். உட்காரு, சொல்றேன்."

உட்கார்ந்தேன். எர்சிலியா மாத்தே இலைத் தேநீர் போட வெந்நீர் வைக்கப் போனாள். அவர் முதல் மரத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் பேச்சு அருவிக்கு வந்து சேர இருட்டிவிட்டது.